உங்கப்பாகிட்டச் சொல்லு

மே 5, திங்கள்

இதை நாட்குறிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இது சாட்சியம். நாளைக்கு யாராவது "ஏம்மா துளசிமணி, உன் பக்கம் என்ன நியாயம்?" என்று கேட்டால் தேதிவாரியாக எடுத்து நீட்டுவதற்காக எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷமாக நான் கணக்கு டீச்சர். படிப்படியாக எழுதினால்தான் மதிப்பெண்.

படி ஒன்று. இன்று காலை எங்கள் ஒரே மகள் சிந்துஜாவுக்கு குஜராத்தில் வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பால் பரிசோதனைக் கூடம். பால் தொழில்நுட்பம் படித்தவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாதாம். வருகிறேன் என்று ஜூன் இருபதுக்குள் பதில் அனுப்ப வேண்டும். ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

படி இரண்டு. நான் சந்தோஷப்பட்டு, "உங்கப்பாகிட்டச் சொல்லு, இனிப்பு வாங்கிட்டு வரச் சொல்லு" என்றேன். உங்கப்பா என்பவர் நான்கடி தூரத்தில் சோபாவில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "உங்கம்மாகிட்டச் சொல்லு, கடைய பத்து மணிக்குத்தான் தொறப்பான்" என்றார்.

படி மூன்று. சிந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் போகல" என்றாள்.

"ஏன்டி, பைத்தியமா உனக்கு?"

"அந்த லேபுக்குள்ள காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் போன் கொண்டுபோகக் கூடாது. பத்து மணி நேரம். இங்க கேஸ் கசிஞ்சாக்கூட நீங்க ரெண்டு பேரும் எனக்குத்தான் போன் பண்ணுவீங்க. நான் எடுக்கறதுக்குள்ள வீடே இருக்காது."

அபாண்டம். அவள் சென்னையில் ஹாஸ்டலில் இருந்த ஆறு வருஷமும், அடுத்த அறையில் இருப்பவருக்குத் தோசை வேண்டுமா என்று நான் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டதென்னவோ உண்மைதான். பதில் ஈரோட்டுக்குத் திரும்பி வருவதற்குள் கல் காய்ந்து புகைந்ததும் உண்டு. ஆனால் கேஸ் விஷயத்தில் எனக்குப் பொறுப்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசினாத்தான் போவேன். ஃபேமிலி தெரபிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போய்விட்டாள். இனிப்பு வரவே இல்லை.

மே 6, செவ்வாய்

சாட்சியத்துக்குப் பின்னணி தேவை. எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, பெருந்துறை ரோட்டில் லாரி எடைமேடை வைத்திருக்கிறார். வருகிற லாரிக்காரன் எல்லோரிடமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாய் ஓயாமல் பேசுவார். ராஜஸ்தான் டிரைவரோடு பாஷையே தெரியாமல் முக்கால் மணி நேரம் பேசியவர். என்னோடு பதினோரு வருஷமாக நேரடியாக ஒரு வார்த்தை கிடையாது. நானும் பேசுவதில்லை. எனக்கென்ன வந்தது?

காரணம், ஃபேன். படுக்கையறை ஃபேனை ஐந்தில் வைப்பதா, மூன்றில் வைப்பதா என்று ஒரு பேச்சு வந்தது. யார் சொன்னது சரி என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. நான்தான். அந்த வாரத்தில் வேறு சிலதும் நடந்தது. அதெல்லாம் இப்போது எதற்கு?

சிந்து வீட்டில் இருந்தால் சிந்து மூலமாகப் பேசுவோம். இல்லாவிட்டால் ஜிம்மி. "ஜிம்மி, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு சொல்லு" என்பேன். ஜிம்மி வாலை ஆட்டும். அவர் வந்து உட்காருவார். எத்தனையோ வீட்டில் நேராகப் பேசுகிறவர்கள் இதைவிட மோசமாகக் குடும்பம் நடத்துகிறார்கள்.

மே 8, வியாழன்

யாருக்கும் சொல்லாமல் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளி லீவில் சும்மா இருப்பதற்கு இது ஒரு வேலை. என் வீட்டுக்காரருக்குக் கோளாறு, அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுங்கள், மோரில் கலந்து கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆள் இல்லாமல் மாத்திரை தர முடியாது, மோரில் கலப்பது குற்றம், இதெல்லாம் ஒரு ஆளின் வியாதி இல்லை என்றார். "உங்க வீட்ல யாருக்கும் நோயில்லம்மா. ஒருத்தருக்கொருத்தர் நடந்துக்கற விதம்தான் சிக்கலாயிருக்கு. குடும்பத்தையே சேர்த்து உக்காரவெச்சுப் பேசற தெரபிஸ்ட் வேணும்" என்றார்.

யாருக்கும் நோயில்லையாம். அவர் ஐந்தில் ஃபேன் வைத்துத் தூங்கிப் பார்த்திருக்க மாட்டார்.

மே 11, ஞாயிறு

பக்கத்து வீட்டு அம்சவேணியின் பேச்சைக் கேட்டு 'குடும்ப ஒற்றுமைப் பயிற்சி' என்று மண்டபத்தில் நடந்த ஒன்றுக்குப் போனேன். கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கில் "பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப் பிடியுங்கள், மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சிமெண்ட் ஏஜெண்ட் ஒருவரின் மனைவி. முன்பின் தெரியாது. கட்டிப் பிடித்து மன்னித்தேன். அந்தம்மா ஓவென்று அழுதுவிட்டார். நான் எதை மன்னித்தேன் என்று இதுவரை தெரியவில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது போல ஆகிவிட்டது.

மே 13, செவ்வாய்

நான் தேடும் லட்சணத்தைப் பார்த்துச் சிந்துவே மூன்று பேரைத் தேடி எடுத்தாள். போன் போட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: என்ன படித்திருக்கிறீர்கள், குடும்பத்தைச் சேர்த்து வைத்துப் பேசுவதற்கென்று தனிப் பயிற்சி உண்டா, எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பீர்களா, நாங்கள் பேசியது வெளியே போகாதே, நாலு தடவை வந்து பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போகலாமா?

மாப்பிள்ளை பார்த்தபோது என் வீட்டில் இதில் பாதி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசிக் கேள்விக்கு, "தாராளமாப் போகலாம், நானே நல்ல ஆளாச் சொல்றேன்" என்றவளின் பெயர் ஷமீமா. அவளைத்தான் சிந்துவுக்குப் பிடித்தது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள்.

மே 14, புதன்

படிப்பு இருந்தால் போதுமா? ஆள் எப்படி என்று விசாரிக்க வேண்டாமா? ஒரு சம்பந்தம் பேசினால் பால்காரர், மளிகைக் கடை என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் நாம் தாம்பூலம் மாற்றுகிறோமா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஷமீமா குடியிருக்கும் தெருவுக்குப் போனேன். முனையில் ஓர் இஸ்திரி வண்டி. புடவை தேய்க்கக் கொடுக்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தேன்.

"அந்த மேடம் எப்படிங்க? வீட்டுக்காரரோட பேசறாங்களா?"

"அவரு மஸ்கட்ல இருக்காருங்க. தெனமும் சாயங்காலம் போன்ல சண்டை. இங்க வரைக்கும் கேக்கும்."

"என்ன சண்டைங்க?"

"அவரு சாப்ட்டாரான்னு இந்தம்மா கேக்கும். அவரு பொய் சொல்லுவாரு. கண்டுபிடிச்சிரும்."

எனக்குப் பரம திருப்தி. கத்துகிறார்கள் என்றால் பேசுகிறார்கள் என்று அர்த்தம். புடவையைத்தான் கரையில் கொஞ்சம் கருக்கிவிட்டார்.

மே 16, வெள்ளி

மீதிப் புடவைகளை வாங்கப் போனேன். இஸ்திரிக்காரர் சிரிக்கிறார். "அம்மிணி, நேத்து ஒருத்தரு சட்டை தேய்க்கக் குடுத்துட்டு இதே கேள்விய கேட்டாருங்க. நரைச்ச மீசை. 'அந்தம்மா ஆம்பளைக்கு ஒரு நியாயம், பொம்பளைக்கு ஒரு நியாயம் பேசுமா?'ன்னு கேட்டாரு."

அந்த நரைத்த மீசையை எனக்குத் தெரியும். இன்று சாப்பிடும்போது அவர் புதிதாகத் தேய்த்த சட்டையில் இருந்தார். நான் ஜிம்மியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை.

மே 17, சனி

முதல் அமர்வு.

ஷமீமா போனில், "உங்க வீட்டுப் பேச்சுல யாரெல்லாம் இருக்காங்களோ எல்லாரும் வாங்க" என்று சொல்லியிருந்தாள். அதனால் ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு போனோம். இதில் என்ன தப்பு? பாதிப் பேச்சு அது மூலமாகத்தான் நடக்கிறது. சிந்து மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

டயர் கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. நாலு நாற்காலி. சாமியார் மடம் போல இருக்கும் என்று நினைத்தேன், எல்.ஐ.சி. ஆபீஸ் போல இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரி, பெரிய கண்ணாடி. எங்களைப் பார்த்ததும், "வாங்க. விசாரணையெல்லாம் முடிஞ்சுதா? எங்க தெரு இஸ்திரிக்காரர் ரொம்ப சந்தோஷமா இருக்கார்" என்றாள். நானும் அவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.

நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொண்டு போயிருந்தேன், அவருடைய குற்றங்கள் வருஷவாரியாக. அவர் பையைத் திறந்தால் எடைமேடைச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க என் குற்றங்கள்! ஷமீமா இரண்டையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

"நான் பஞ்சாயத்து இல்லீங்க. யார் சரி, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல மாட்டேன். நீங்க மூணு பேரும் எப்படிப் பேசிக்கறீங்கன்னு பாப்பேன். சிக்கல் ஆளுங்ககிட்ட இல்ல, ஆளுங்களுக்கு நடுவுல இருக்குன்னு வெச்சுக்குவோம்."

"மேடம், அவர்கிட்டச் சொல்லுங்க..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் இங்கதான இருக்கார்?"

"சிந்து, மேடம்கிட்டச் சொல்லு..." என்றார் அவர்.

"நானும் இங்கதானே இருக்கேன் சார்?"

ஜிம்மி மட்டும் என்னிடமும் அவரிடமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம். ஷமீமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டுச் சிந்துவையும் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, எனக்கும் அவருக்கும் நடுவிலிருந்த சிந்துவின் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் ஓரமாகப் போட்டாள். எங்கள் இருவருக்கும் நடுவில் இரண்டடி காலி இடம். பதினோரு வருஷத்தில் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அவருக்குக் காதில் முடி வளர்ந்திருக்கிறது.

மே 20, செவ்வாய்

ஒன்றுமில்லை. வடகம் பிழிந்தேன். ஜிம்மி இரண்டைத் தின்றுவிட்டது.

மே 24, சனி

இரண்டாவது அமர்வு. நடந்ததை எழுதுகிறேன். கோபத்தில்.

ஷமீமா ஒரு விளையாட்டு வைத்தாள். நான் ஒரு சேதியைச் சிந்துவின் காதில் சொல்ல வேண்டும், அவள் அதை அவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். சரி, இதைத்தானே தினமும் செய்கிறோம் என்று காதில் சொன்னேன்: "அந்த மனுசன் மீசைய நறுக்கச் சொல்லு, மோர் குடிச்சா பாதி மீசைதான் குடிக்குது."

சிந்து எழுந்து, "அப்பா, உங்க மீசை நல்லா இருக்குன்னு அம்மா சொல்றாங்க" என்றாள்.

"அடிப் பாவி!" என்று கத்திவிட்டேன்.

ஷமீமா கையைக் காட்டி அமர்த்தினாள். இப்போது அவருடைய முறை. அவர் காதில் ஏதோ நீளமாகச் சொன்னார். சிந்து, "அம்மா, ஸ்கூட்டருக்குக் காத்தடிக்கணுமாம்" என்றாள்.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டாள் ஷமீமா.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "பின் டயரு தேஞ்சு போச்சு, மழை வந்தா வழுக்கும், உளுந்து இடுப்பை ஒடச்சுக்கப் போறா, டயரு மாத்தற வரைக்கும் நானே பள்ளிக்கூடத்துல எறக்கி உடறேன்னு சொன்னனுங்க."

"திட்டறத மறைச்ச, சரி" என்று நான் சிந்துவைக் கேட்டேன். "இத எதுக்கு மறைச்ச?"

"பழகிப்போச்சும்மா. நீங்க சொல்றது எல்லாத்தையும் நான் ஒரே அளவாக்கிடுவேன். திட்டுனாலும் ஒரு வரி, அக்கறையா சொன்னாலும் ஒரு வரி. பால் பாக்கெட் மாதிரி."

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. "போன பொங்கலுக்கு அந்த மாம்பழக் கலர் புடவை எனக்கு எடுப்பா இருக்குன்னு உங்கப்பா சொன்னதா சொன்னியே?"

"நான்தாம்மா சொன்னேன்."

"நான் ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருந்தப்ப, அவளில்லாம வீடு வீடா இல்லன்னு?"

"அது அப்பா சொன்னதுதான். ஆனா 'கழுதை இல்லாம'ன்னு சொன்னாரு."

மே 25, ஞாயிறு

மோர் குடிக்கும்போது அவர் மீசையைக் கையால் ஒதுக்கிக்கொண்டு குடித்தார். ஸ்கூட்டரில் புது டயர் இருக்கிறது.

மே 31, சனி

மூன்றாவது அமர்வு. படிப்படியாகத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எழுத முடியாது.

ஷமீமா கேட்டாள்: "ஃபேன் சண்டைக்கு அப்புறம் சிந்து முதல் முதல்ல கொண்டுவந்த சேதி எது? ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் இருக்காது? இத்தனை நாள் இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் எனக்குத் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்தது. தாளவாடி. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும், அங்கேயே தங்க வேண்டும். ஃபேன் கோபத்தில் இருந்ததால் நான் அவரிடம் நேராகக் கேட்கவில்லை. "நான் போகட்டுமான்னு உங்கப்பாகிட்டக் கேட்டுட்டு வா" என்று சிந்துவை எடைமேடைக்கு அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னைவிட நாலு வருஷம் சின்னவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆரு வேண்டாம்னா? மேடம், நான் போகச் சொன்னனுங்க! 'நல்லபடியா போகச் சொல்லு, வீட்டை நான் பாத்துக்கறேன்'னு ரெண்டு தடவ சொன்னேன். இவளா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, அன்னைல இருந்து என்ற மூஞ்சியவே பாக்கறதில்ல. நான் என்ன பண்ணுனேன்னே எனக்குத் தெரியலீங்க. பதினோரு வருசமா யோசிச்சுட்டிருக்கறேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம்.

சிந்து முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருந்தாள். "எனக்குப் பன்னெண்டு வயசு" என்றாள். "அம்மா போயிட்டா யாரு இருப்பாங்கன்னு பயமா இருந்துச்சு. வர்ற வழியில மாத்திட்டேன். ஒரு வாரம் கழிச்சு சொல்லிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அம்மா எழுதிக் குடுத்துட்டாங்க. நீங்களும் பேசறத விட்டுட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அதான் நல்லது நல்லதா மாத்தி மாத்திச் சொன்னேன். என்னால ஆனது, நானே சரி பண்ணிடலாம்னு."

அதனால்தான் அவள் வேலைக்குப் போக மாட்டேன் என்றிருக்கிறாள். கேஸுமில்லை, போனுமில்லை.

நான் அவர் பக்கம் திரும்பினேன். நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன். பேசிய பிறகுதான் பேசினேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

"நீங்க நெசமாவே போகச் சொன்னீங்களா?"

"ஆமா."

"அத நேரா வந்து சொல்றதுக்கென்ன? காலு ஒடஞ்சா போச்சு?"

"நீ நேரா வந்து கேட்டியா?"

"நான் கோபமா இருந்தேன்!"

"நான் மட்டும் என்ன குஷியா இருந்தனா? ஃபேன மூணுல வெச்சு என்னை வேக வெச்சவதான நீ!"

அதற்குப் பிறகு என்னென்ன பேசினோம் என்று வரிசையாக ஞாபகமில்லை. கீழே டயர் கடையிலிருந்து ஒருவர் வந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஷமீமா எங்களைத் தடுக்கவே இல்லை. சிந்துவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

எனக்குச் சிந்துவின் மேல் கோபமெல்லாம் இல்லை.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. அவர் ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுபோய் விட்டார். டயர்தான் மாற்றியாகிவிட்டதே, எதற்கு என்று கேட்டேன். "புது டயரு. பழகோணுமில்ல" என்றார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். எங்கள் தலைமையாசிரியை என்னைவிட ஒன்பது வயது சின்னவள். நல்ல பெண்தான். அவளுடைய நாற்காலியை இன்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

கோபமில்லை என்று முன்பே எழுதிவிட்டேன். ஆனால் அவளைப் பார்த்தால் பேச்சு வரவில்லை. அதனால் இன்று சாப்பிடும்போது, "உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க, ரசம் வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

அவருக்குச் சிந்துவின் சாமர்த்தியம் கிடையாது. எடைமேடைக்காரர், வந்ததை வந்தபடி இறக்குவார். "உங்கம்மா ரசம் எடுத்துக்கச் சொல்றா. 'உங்க பொண்ணு'ன்னு சொல்றா. மொகத்தை உர்ருன்னு வெச்சுட்டுச் சொல்றா" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

சிந்து இன்னும் குஜராத்துக்குப் பதில் அனுப்பவில்லை. நான் அவர் மூலமாக ஏழு சேதி அனுப்பினேன். ஏழும் முகபாவத்தோடு போய்ச் சேர்ந்தது.

எட்டாவதுக்கு அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "இத பாரு துளசி. இனிமே நான் தூது போக மாட்டேன். இந்த வீட்ல ஒரு தூது போய்க் கெட்டது போதும். உனக்கு வாயிருக்கு, அவளுக்குக் காதிருக்கு."

பதினோரு வருஷம் கழித்து என் பெயரைச் சொன்னார். அதுவும் திட்டுவதற்கு.

ஜூன் 14, சனி

நான்காவது அமர்வு. ஷமீமா இன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சிந்து சேதிய மாத்துனா, சரி. பன்னெண்டு வயசுப் பொண்ணு கையில அந்தச் சேதியக் குடுத்தது யாரு?"

தெரியவில்லை என்று சொன்னேன்.

தெரியும்.

ஜூன் 18, புதன்

காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது. அவரே வாங்கி வந்தார். சிந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. இன்னும் இரண்டு நாள்.

ஜூன் 20, வெள்ளி

மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். பதில் அனுப்ப ஐந்து மணி வரைதான் நேரம். சிந்து கட்டிலில் உட்கார்ந்து மடித்த துணியையே மறுபடியும் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். இருபது நாளாக நேரே பார்க்காத முகம். இளைத்துப் போயிருந்தாள்.

"அன்னைக்கு என்கிட்டயே வந்து, போகாதம்மான்னு சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா இருந்திருப்பியா?"

இருந்திருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல அம்மா அப்படித்தான் சொல்லுவாள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இல்ல" என்றேன். "போயிருப்பேன். நீ கையப் புடிச்சுட்டு அழுதிருந்தாலும் போயிருப்பேன். எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. அழுதுட்டேதான் போயிருப்பேன், ஆனா போயிருப்பேன். சனிக்கிழமை சனிக்கிழமை வந்து உன்னைக் கொஞ்சியிருப்பேன்."

சிந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்ப நான் உன்னைத் தடுத்துதான இருக்கேன்?"

"ஆமா, தடுத்துட்ட. எனக்குக் கோபம்தான். இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும். அது என்ற பாடு, நான் பாத்துக்கறேன். உன்னைத் தூது அனுப்பினது என் தப்பு. அதுக்கு நீ இங்க உக்காந்து ஈடு கட்ட வேண்டாம். நீயும் அழுதுட்டே போ. நானும் அழுவேன், உங்கப்பாவும் அழுவாரு. யாரு அழுதாலும் திரும்பிப் பாக்காத. பஸ் ஏறிடு."

"பஸ்ஸெங்க, ரயிலு" என்று வாசலில் இருந்து குரல் வந்தது. அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றுகொண்டிருந்தாரோ தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "குஜராத்துக்கு ஆரு பஸ்ல போவாங்க? நான் டிக்கெட் வெவரமெல்லாம் விசாரிச்சு..."

"நான் என்ற பொண்ணுகிட்டப் பேசிட்டிருக்கறேன்" என்றேன். "நடுவுல வராதீங்க."

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிந்து அழுகையோடு சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். வருகிறேன் என்று பதில் போனபோது மணி நாலு நாற்பது.